பால்வீதியை வெளியே போய் யார் படம் எடுத்தார்கள்? சிங்கப்பூரிலிருந்து அதைப் பார்க்க முடியுமா?

#1 தென்கடல் (மரீன் பரேட்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். பள்ளிக்காக, நம் சூரியன் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வீதியைப் பற்றி ஒரு பெரிய அட்டை தயாரிக்கிறாள். சுருள் சுருளாகக் கைகள் விரிந்து, நடுவில் மஞ்சளாக ஒளிரும் ஒரு படம் இருக்குமே, அதை ஒட்டி, ஓர் ஓரத்தில் அம்புக்குறி போட்டு ‘சூரியன் இங்கே’ என்று எழுதினாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அம்மா, நாம அதுக்குள்ளதானே இருக்கோம்? அப்ப இந்தப் போட்டோவ யாரு வெளிய போய் எடுத்தது?”

நான் கணக்கியல் படித்தவள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன். இன்னொன்றும் கேட்டாள். அந்தப் பால்வீதியை நம் வீட்டிலிருந்து பார்க்க முடியுமா என்று. எங்கள் வீவக அடுக்குமாடி வீடு தெற்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கப்பல் விளக்குகள்தான் அதிகம் தெரிகின்றன. தெரிந்தவர்கள் ஒரு 11 வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்படி சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 வானளந்தான்

உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. பதில்: யாரும் எடுக்கவில்லை. அது ஓவியம். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி தந்த தகவல்களை வைத்து 2008-இல் நாசாவுக்காக ராபர்ட் ஹர்ட் வரைந்த படம்தான் அதிகமாகப் புழங்குகிறது. இணையத்தில் பார்க்கும் பல படங்கள் அதை ஒட்டி வந்தவை.

வெளியே போய் எடுக்க முடியாததற்குக் காரணம் தூரம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 தான் மனிதன் செய்த பொருள்களில் மிகத் தொலைவில் இருப்பது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியும், ஒளி ஒரே நாளில் கடக்கும் தூரம்தான் அதற்கு ஆகியிருக்கிறது. நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஓர் ஒளியாண்டை, அதாவது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரத்தை, கடக்கவே 17,000 ஆண்டுக்கு மேல் ஆகும். பால்வீதியின் தட்டு ஏறக்குறைய 100,000 ஒளியாண்டு அகலம். தடிமன், விண்மீன்கள் நெருக்கமாக இருக்கும் பகுதியை மட்டும் எடுத்தால், 1,000 ஒளியாண்டு. முழு வடிவமும் ஒரே படத்தில் அடங்க வேண்டுமென்றால் இந்தத் தட்டுக்கு மேலே பல பத்தாயிரம் ஒளியாண்டு ஏறி நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

அட்டையில் படத்துக்குக் கீழே ‘அளவீடுகளை வைத்து வரைந்த படம்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் கட்டாயம் கவனிப்பார்.

#3 ஜூரோங்_இளங்கோ

ஓவியம் என்றால் கற்பனைதானே அண்ணே? உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? சுருளாக இல்லாமல் உருண்டையாக இருந்தால்? இதைப் பாடத்தில் உண்மை என்று போடும்போது அடிப்படை என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

#4 வானளந்தான்

கட்டாயம் சொல்ல வேண்டும் இளங்கோ. அந்தக் கதையில்தான் சுவையே இருக்கிறது.

1610-இல் கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தபோது, வானில் பால் தெளித்ததுபோல் தெரிந்த பட்டை எண்ணற்ற விண்மீன்களாகப் பிரிந்து தெரிந்தது. அது பட்டையாகத் தெரிவதிலிருந்தே ஒன்று புரிகிறது. நாம் இருப்பது தட்டையான ஒரு கூட்டத்துக்குள். தட்டின் தளத்தோடு பார்க்கும் திசையில் விண்மீன்கள் அடர்த்தியாக இருக்கின்றன, மேலும் கீழும் குறைகின்றன. உருண்டையாக இருந்தால் வானமெங்கும் சமமாகத் தெரிந்திருக்கும். ஆக, உருண்டை இல்லை என்பதை வெறும் கண்ணே சொல்லிவிடுகிறது.

அடுத்து வில்லியம் ஹெர்ஷல். தங்கை கரோலின் உதவியோடு வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் எத்தனை விண்மீன் என்று எண்ணினார். 1785-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதில் சூரியன் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. அந்தப் பட்டை நெடுக எந்தப் பக்கம் எண்ணினாலும் ஏறக்குறைய ஒரே அளவு விண்மீன்தான் தெரிந்தது, அதனால் அப்படி.

ஆனால் நாம் நடுவில் இல்லை. இதை சிங்கப்பூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். 2013 ஜூனில் புகைமூட்டம் வந்து காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்ட நாளை நினைத்துப் பாருங்கள். புளோக்கின் கீழே நின்றால் நாலு பக்கமும் சில புளோக் தூரம்தான் தெரிந்தது. நாம் பேட்டையின் ஓரத்தில் நின்றாலும் நடுவில் நிற்பதுபோலத்தான் தோன்றும். ஹெர்ஷலுக்கு நடந்தது அதுதான். பால்வீதியின் தளம் முழுக்க நுண்ணிய தூசு. அது தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியை மறைக்கிறது. இதை ராபர்ட் டிரம்ப்ளர் உறுதியாகக் காட்டியது 1930-இல்தான்.

அதற்கு முன்பே, 1918 வாக்கில், ஹார்லோ ஷேப்லி வேறு வழியில் போனார். விண்மீன்கள் லட்சக்கணக்கில் உருண்டையாகக் குவிந்திருக்கும் கொத்துகள் உண்டு. கோளக் கொத்துகள் என்பார்கள். பால்வீதியில் இதுவரை 150-க்கு மேல் தெரியும். இவற்றில் பெரும்பாலானவை தட்டின் தூசுக்கு மேலேயும் கீழேயும் இருப்பதால் தெளிவாகத் தெரியும். அவை வானம் முழுக்கச் சமமாகப் பரவவில்லை, தனுசு விண்மீன் கூட்டத்தின் பக்கமாகவே அதிகம் குவிந்திருந்தன. கொத்துகள் எதைச் சுற்றிக் குவிந்திருக்கின்றனவோ அதுதான் மையம், நாம் ஓரத்தில் இருக்கிறோம் என்றார் ஷேப்லி. அவருக்குத் தூரம் கணக்கிட வழி கிடைத்தது, ஒளி கூடிக் குறையும் விண்மீன்களால். ஹார்வர்டில் வேலை பார்த்த ஹென்ரியெட்டா லெவிட் 1912-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அதற்கு அடித்தளம்: செபீட் வகை விண்மீன் ஒரு முறை மங்கிப் பிரகாசமாக எத்தனை நாள் எடுக்கிறது என்று தெரிந்தால் அதன் உண்மையான பிரகாசம் தெரியும். அதிலிருந்து தூரம். லெவிட்டின் பெயரை உங்கள் மகளின் அட்டையில் பார்த்தால் எனக்கு ரொம்ப மகிழ்ச்சியாக இருக்கும்.

ஷேப்லி தூசைக் கணக்கில் எடுக்காததால் பால்வீதியை ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாக நினைத்தார். ஆனால் திசை சரி. இன்றைய கணக்கில் நாம் மையத்திலிருந்து 26,000 முதல் 27,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம்.

#5 செம்பவாங்_பெரியவர்

நான் செம்பவாங்கில் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவன். அறுபதுகளில் மின்வெட்டு வந்தால் எல்லோரும் வெளியே வந்து பாய் விரிப்போம். தெற்கு வானத்தில் தேள் வடிவம் அப்படியே தெரியும், அதன் வால் பக்கமாக வெண்புகைபோல் ஒரு பட்டை போகும். அப்பா அதை ஆகாய கங்கை என்பார். இன்று என் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வழியில்லை. அவர்கள் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரு கேள்வி. தூசு மறைக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சுருள் கைகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

#6 கதிர்வீச்சு

வணக்கம் ஐயா. நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறேன். இதற்கு நான் பதில் சொல்லலாமா?

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் தூசு தடுக்கிறது. வானொலி அலை அதன் வழியாகத் தாராளமாக வந்துவிடும். 1944-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டெ ஹுல்ஸ்ட், விண்வெளியில் பரவிக்கிடக்கும் ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வானொலி அலை வெளியிட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 1951-இல் ஹார்வர்டில் யூவெனும் பர்செல்லும் அதைப் பிடித்துவிட்டார்கள். வாயு நம்மை நோக்கி வந்தால் அலைநீளம் கொஞ்சம் குறையும், விலகிப் போனால் கூடும். அதை வைத்து எந்தத் திசையில் எந்த வேகத்தில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று பிரித்தார்கள். வாயு கைகைகளாகத் திரண்டிருப்பது ஐம்பதுகளிலேயே தெரிந்துவிட்டது.

நடுவில் நீளமான ஒரு தண்டுபோல் விண்மீன்கள் திரண்டிருப்பது அகச்சிவப்புக் கதிர்களில் பார்த்த பிறகு உறுதியானது. அதனால்தான் இப்போது தண்டுச் சுருள் மண்டலம் என்று வகைப்படுத்துகிறார்கள். பெரிய கைகள் இரண்டா நான்கா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நம் சூரியன் இருப்பது ஓரியன் கை என்கிற சின்னக் கிளையில்.

பிறகு கையா (Gaia) என்கிற விண்வெளித் தொலைநோக்கி. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2013 டிசம்பரில் அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று 2025 ஜனவரி வரை விண்மீன்களின் இடத்தை அளந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாத இடைவெளியில் நம் பார்வைக் கோணம் மாறுகிறது அல்லவா? அருகிலுள்ள விண்மீன் பின்னணியில் இருப்பவற்றோடு ஒப்பிடும்போது துளி நகர்ந்ததுபோல் தெரியும். அந்த நகர்வை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். 2022-இல் வந்த அதன் பட்டியலில் கிட்டத்தட்ட 1.8 பில்லியன் விண்மீன்கள், அதாவது 180 கோடி. அவ்வளவு இருந்தும் பால்வீதியில் உள்ளவற்றில் நூற்றில் ஒன்று என்ற கணக்கில்தான் வரும்.

இளங்கோ அண்ணனின் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பகுதிதான் படத்தில் மிகக் குறைவாக அளந்த பகுதி. 2017-இல் வானொலித் தொலைநோக்கிகளைக் கொண்டு அந்தப் பக்கத்தில், 66,000 ஒளியாண்டுக்கு மேல் தொலைவில், விண்மீன் உருவாகும் ஓர் இடத்தின் தூரத்தை இதே கோண முறையில் நேராக அளந்தார்கள். அப்படிப் புள்ளி புள்ளியாகத்தான் படம் நிறைகிறது.

#7 தென்கடல்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. நன்றி. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறாள். லெவிட் பெயர் அட்டையில் ஏறிவிட்டது.

அவளுக்கு இப்போது அடுத்த சந்தேகம். ஒரு புத்தகத்தில் பால்வீதியில் 100 பில்லியன் விண்மீன்கள் என்று இருக்கிறது, இன்னொன்றில் 400 பில்லியன். எதை எழுதுவது? இவ்வளவு அளந்தவர்களுக்கு எண்ணிக்கையில் மட்டும் ஏன் நாலு மடங்கு வித்தியாசம்?

#8 கதிர்வீச்சு

‘100 முதல் 400 பில்லியன்’ என்றே எழுதலாம் அக்கா. கோடியில் சொன்னால் 10,000 கோடி முதல் 40,000 கோடி.

யாரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. ஒரு பகுதியில் எவ்வளவு என்று பார்த்து, மொத்த நிறையையும் மதிப்பிட்டு, சராசரி விண்மீனின் நிறையால் வகுக்கிறார்கள். சிக்கல் அந்தச் சராசரியில் இருக்கிறது. விண்மீன்களில் ஏறக்குறைய முக்கால்வாசி செங்குறுமீன்கள், சூரியனைவிடச் சின்னதாக, குளிர்ந்து, மங்கலாக எரிபவை. அவை அவ்வளவு மங்கல் என்பதால் கொஞ்ச தூரம் தாண்டினாலே தெரியாமல் போய்விடுகின்றன. சராசரியைக் கொஞ்சம் மாற்றினாலும் மொத்த எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

நாம் வெறும் கண்ணால் பார்க்கும் விண்மீன்களில் ஒன்றுகூட செங்குறுமீன் இல்லை. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. அதுவும் செங்குறுமீன், தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. 1915-இல்தான் ஜோகன்னஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் அதைக் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் பிரகாசத்தில் விதிவிலக்கானவை. வானத்தைப் பார்த்து விண்மீன்கள் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினால் சாதாரண விண்மீனைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுவோம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

செங்குறுமீன் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. அதன் ஆயுள் டிரில்லியன் ஆண்டுக் கணக்கு. பேரண்டத்தின் வயதே 13.8 பில்லியன் ஆண்டுதான் என்பதால், பிறந்த செங்குறுமீன்களில் இதுவரை ஒன்றுகூட முதுமையால் அணைந்திருக்க முடியாது. நம் சூரியனுக்கு வயது 4.6 பில்லியன், இன்னும் ஏறக்குறைய 5 பில்லியன் ஆண்டுக்கு எரிபொருள் இருக்கிறது. நேர்மாறாக, சூரியனைப்போல் இருபது மடங்கு நிறையுள்ள விண்மீன் ஒரு கோடி ஆண்டு அளவிலேயே தீர்ந்து வெடித்துவிடும்.

#9 உட்லண்ட்ஸ்_கவி

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படிக்கிறேன். பெரியவர் தேளின் வால் பக்கம் என்றதும் ஒன்று கேட்கத் தோன்றியது. என் நட்சத்திரம் மூலம். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லி எனக்கு வந்த வரன்கள் தட்டிப் போயிருக்கின்றன. வீட்டில் அம்மா எத்தனை இரவு அழுதிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும். மூலம் என்பது தேளின் வால்தானே? வானத்தில் அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

#10 வானளந்தான்

ஆமாம் கவி, தேளின் வால்நுனி. கொடுக்கு இருக்கும் இடத்தில் பிரகாசமாகத் தெரியும் ஷௌலா என்கிற விண்மீன் மூலத்தில் முதன்மையானது. சூடான நீலநிற விண்மீன், சில நூறு ஒளியாண்டு தூரம். அந்தத் திசையில்தான், கொஞ்சம் வடக்கே தள்ளி, அந்த விண்மீன்களுக்கெல்லாம் எத்தனையோ மடங்கு பின்னால் பால்வீதியின் மையம் இருக்கிறது. ஷேப்லியின் கொத்துகள் குவிந்திருந்த திசையும் இதுவே. 1933-இல் கார்ல் ஜான்ஸ்கி விண்வெளியிலிருந்து வானொலி அலை வருவதை முதன்முதலாக அறிவித்தபோது, அது வந்த திசையும் இதுவே.

மையத்தில் இருப்பது ஒரு கருந்துளை. தனுசு ஏ ஸ்டார் என்று பெயர். நான்கு மில்லியன் சூரியன்களுக்குச் சற்று மேல் நிறை. அதை எப்படி எடை போட்டார்கள் என்றால், அதைச் சுற்றும் விண்மீன்களைப் பல ஆண்டு விடாமல் கவனித்து. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டுமென்றால் நடுவில் எவ்வளவு நிறை இருக்க வேண்டும், அது எவ்வளவு சின்ன இடத்தில் அடங்க வேண்டும் என்று கணக்கு சொல்லிவிடும். ரைன்ஹார்ட் கென்செலின் குழுவும் ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழுவும் தனித்தனியாக இதைச் செய்தார்கள். 2020-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது, ரோஜர் பென்ரோஸோடு சேர்ந்து. 2022 மே மாதம் அந்தக் கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வளையத்தின் படமும் வெளிவந்தது. அது நிஜமான அளவீட்டுப் படம், உலகத்தின் பல மூலைகளில் உள்ள வானொலித் தொலைநோக்கிகளை இணைத்து எடுத்தது.

அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அவ்வளவு தூரத்தில் அது நம்மை ஒன்றும் செய்யாது. பால்வீதியின் மொத்த நிறையில் அது மிகச் சிறிய துணுக்கு. நாம் சுற்றுவது கருந்துளையின் இழுப்பால் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் எல்லாப் பொருளின் மொத்த ஈர்ப்பால். சூரியன் நொடிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 23 கோடி ஆண்டு. போன சுற்றில் நாம் இதே இடத்தில் இருந்தபோது பூமியில் டைனோசர்கள் தோன்றத் தொடங்கிய காலம்.

நம்மோடு சேர்ந்து இந்த மண்டலத்தின் எல்லா விண்மீன்களும் சுற்றிவரும் மையம் இருப்பது உங்கள் நட்சத்திரத்தின் திசையில். அதைக் காட்டி ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொன்னவர்கள் சொன்னது தவறு. அம்மாவிடம் சொல்லுங்கள்.

#11 உட்லண்ட்ஸ்_கவி

இன்றைக்கே சொல்கிறேன் சார். நன்றி.

#12 ஜூரோங்_இளங்கோ

நிறையைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். கரும்பொருள் என்று ஒன்று சொல்கிறார்களே, பார்த்தவர் யாரும் இல்லை. கணக்கு உதைத்தால் ஒரு பெயரை வைத்துவிட்டால் போதுமா?

#13 கதிர்வீச்சு

நேர்மையான கேள்வி அண்ணே. கணக்கு எங்கே உதைக்கிறது என்று முதலில் பார்ப்போம். சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, நெப்டியூன் 5 கிலோமீட்டர் சொச்சம்தான். நிறையெல்லாம் நடுவில் இருந்தால் தள்ளிப் போகப் போக வேகம் குறைய வேண்டும். எழுபதுகளில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடாவிலும் மற்ற மண்டலங்களிலும் அளந்து பார்த்தார்கள். வெளி விளிம்பிலும் வேகம் குறையவில்லை. நம் பால்வீதியிலும் விளிம்பில் எதிர்பார்த்ததைவிட வேகம் அதிகம்தான். தெரியும் விண்மீன், வாயு, தூசு எல்லாம் சேர்த்தாலும் அந்த வேகத்தைப் பிடித்து வைக்க நிறை போதாது. அந்தக் குறையை ஈடுகட்டும், கண்ணுக்குத் தெரியாத பொருளைத்தான் கரும்பொருள் என்கிறார்கள்.

வரலாற்றில் இரண்டு முன்மாதிரி உண்டு. யுரேனஸின் பாதை கணக்கில் பிசகியபோது, பார்க்காத ஒரு கோள் இழுக்கிறது என்று லெ வெரியே சொன்னார். 1846-இல் நெப்டியூன் அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகில் கிடைத்தது. புதனின் பாதை பிசகியதற்கும் இதேபோல் ஒரு கோளைத் தேடினார்கள். அப்படி எதுவும் இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடுதான் அதை விளக்கியது. கரும்பொருள் முதல் வகை என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கக் காரணம், தொலைதூர ஒளி வளைவது உட்பட வேறு பல அளவீடுகளும் அதையே காட்டுகின்றன. அது எந்தத் துகளால் ஆனது என்பது இதுவரை எந்தச் சோதனையிலும் பிடிபடவில்லை. ஈர்ப்பு விதியையே மாற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி கரும்பொருள் பக்கம்தான்.

#14 துவாஸ்_கேமரா

இரண்டாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சிங்கப்பூரிலிருந்து தெரியுமா?

முதலில் நல்ல செய்தி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை சொச்சம் வடக்கே. வடவானம் தென்வானம் இரண்டும் கிட்டத்தட்ட முழுசாக நமக்கு வரும். பால்வீதியின் மையம் லண்டன்காரர்களுக்கு அடிவானத்திலிருந்து பத்து பாகைகூட எழும்பாது. நமக்குத் தெற்கே 60 பாகை உயரத்தில் வந்து நிற்கும். ஜூன் நடுவில் அது உச்சிக்கு வருவது அதிகாலை 1 மணிக்கு, ஜூலை நடுவில் இரவு 11 மணி, ஆகஸ்ட் நடுவில் 9 மணி. (1982 முதல் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதனால் நள்ளிரவு என்பது வானத்தின் கணக்கில் 1 மணி.)

கெட்ட செய்தி ஒளிமாசு. 2016-இல் வெளியான உலக வரைபடத்தில் ஒளிமாசு மிக அதிகமுள்ள நாடு சிங்கப்பூர்தான். இங்கே வாழும் அனைவரின் இரவு வானமும், கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சமானது என்றது அந்த ஆய்வு. வீட்டு ஜன்னலிலிருந்து பால்வீதி வெறும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவை முக்காலியில் வைத்து நீண்ட நேரம் திறந்து பல படங்களை ஒன்றாகச் சேர்த்தால் இங்கிருந்தேகூட மையப்பகுதி தெரியும். நானே துவாஸ், லிம் சூ காங் பக்கம் எடுத்திருக்கிறேன். தெருவிளக்கின் ஆரஞ்சு மங்கலை நீக்கியதும் தூசுக் கோடுகள் எழுந்து வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

கண்ணால் பார்க்க மலேசியாவுக்குள் ஜோகூர் பாருவைத் தாண்ட வேண்டும். மெர்சிங் கடற்கரை அல்லது தியோமான் தீவு. மே முதல் ஆகஸ்ட் வரை, அமாவாசையை ஒட்டிய வார இறுதி. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை, வீண் செலவு. டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள், கைப்பேசியைப் பையில் வையுங்கள், அரை மணி நேரம் பொறுங்கள். அந்த அரை மணியில்தான் கண் பழகும்.

#15 செம்பவாங்_பெரியவர்

மெர்சிங் போகும்வரை அந்தக் குழந்தை சும்மா இருக்க வேண்டியதில்லை. தெற்குப் பார்த்த வீடு என்றால் மே மாதம் இரவு 10 மணி வாக்கில் கடலுக்கு மேலே 30 பாகை உயரத்தில் திரிசங்கு, தென்சிலுவை நிற்கும். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். அதில் சிலுவைக்கு எட்டத்தில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, 4.37 ஒளியாண்டு. தம்பி சொன்ன பிராக்சிமா அதன் பக்கத்தில்தான், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் முன்னிரவில் அதே தெற்கில் அகத்தியர் நட்சத்திரம், சுமார் 310 ஒளியாண்டு. சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஒளி வீசுவதால்தான் அவ்வளவு தூரத்திலிருந்தும் இரவு வானில் இரண்டாவது இடம்.

நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜூலையில் கேட்டை சிவப்பாகத் தெரியும், சித்திரை நீலம் கலந்த வெள்ளை. சிவப்பு குளிர்ச்சி, நீலம் சூடு. ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதில் செம்மையாக இருப்பது திருவாதிரை. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டிவிடும்.

அந்தச் சமயத்தில் ஓரியனுக்குக் கிழக்கே தனியாக ஒன்று பளிச்சென்று தெரியும், புரோசியான். அதன் தூரம் 11.4 ஒளியாண்டு. உங்கள் மகளுக்கு 11 வயது என்றீர்கள். அவள் பிறந்த சமயம் அங்கிருந்து கிளம்பிய ஒளிதான் இப்போது வந்து சேர்கிறது. கீழே திடலுக்கு இறங்கிப் போய்க் காட்டுங்கள் அம்மா, அது தலைக்கு மேல் போவதால் ஜன்னலில் அகப்படாது.

#16 ஜூரோங்_இளங்கோ

ஆண்ட்ரோமீடா வந்து மோதும் என்கிறார்களே, அது?

#17 வானளந்தான்

25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, நம்மை நோக்கி வருகிறது. முன்பு 400, 500 கோடி ஆண்டில் மோதல் நிச்சயம் என்றார்கள். கையா, ஹபிள் அளவீடுகளை வைத்து 2025-இல் வந்த ஓர் ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோத ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்கிறது. மோதினாலும் விண்மீன்களுக்கு இடையே இடைவெளி அவ்வளவு பெரிது என்பதால் விண்மீனும் விண்மீனும் முட்டிக்கொள்வது அபூர்வம். நம் பால்வீதியே ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுக்கு முன் ஒரு சின்ன மண்டலத்தை விழுங்கியிருக்கிறது. அதன் விண்மீன்களை அவை ஓடும் பாதையை வைத்து 2018-இல் அடையாளம் கண்டார்கள்.

#18 தென்கடல்

ஐயா, புரோசியானைப் பற்றிப் படித்ததும் மகள் குதித்துவிட்டாள். அப்பா ஜூலையில் மெர்சிங் போகச் சம்மதித்துவிட்டார். துவாஸ்_கேமரா தம்பி, தொலைநோக்கி வாங்க வேண்டுமா? அப்புறம், நம் வீட்டு வானம் எவ்வளவு மோசம் என்பதை அவளே அளக்க ஏதாவது வழி உண்டா? அதையும் அட்டையில் சேர்க்க ஆசைப்படுகிறாள்.

#19 துவாஸ்_கேமரா

தொலைநோக்கி இப்போது வேண்டாம் அக்கா. பால்வீதி வானத்தில் பாதிக்கு நீளும், தொலைநோக்கியில் ஒரு துளிதான் தெரியும். 7×50 அல்லது 10×50 இருகண்ணோக்கி ஒன்று போதும். மெர்சிங்கில் தேளின் வாலிலிருந்து தனுசு வரை மெதுவாக நகர்த்தினால் கொத்துகளும் வாயு மேகங்களும் வந்துகொண்டே இருக்கும்.

அளக்க வழி உண்டு. குளோப் அட் நைட் என்று ஒரு பன்னாட்டுத் திட்டம் 2006 முதல் நடக்கிறது. அந்த மாதத்துக்கு அவர்கள் சொல்லும் விண்மீன் கூட்டத்தை நிலா இல்லாத இரவில் பார்த்து, அவர்கள் தரும் வரைபடங்களில் எது நம் வானத்தோடு பொருந்துகிறது என்று இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். காசு கிடையாது, பிள்ளைகளே செய்யலாம். மரீன் பரேடில் ஒரு இரவு, மெர்சிங்கில் ஒரு இரவு செய்து இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.